பணம் யார் கணக்கில் விழும்? கட்டற்ற அறிவுக் குழுக்களுக்கு முன் உள்ள நான்கு வழிகள்

விக்கிப்பீடியாவுக்காகவோ, யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்காகவோ ஒன்றுசேர்ந்த குழு பத்துப் பேரைத் தாண்டியதும் யாராவது ஒருவர் கேட்பார்: "அமைப்பாகப் பதிவு செய்துவிடலாமா?" நல்ல எண்ணத்தில் வரும் கேள்விதான். ஆனால் பெரும்பாலும் இரண்டு ஆண்டு முந்தியே வந்துவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. வரும் பணம் யாருடைய வங்கிக் கணக்கில் விழும்? வரவு செலவை யார் எழுதுவார்? அவர் ஒதுங்கினால் மறுநாள் யார் எழுதுவார்? கைக்காசில் நடத்துவது, தனியாள் பெயரில் சிறு நல்கை (நிதியுதவி) வாங்குவது, வேறோர் அமைப்பின் குடைக்குள் நிற்பது, சொந்தமாகப் பதிவு செய்வது என நான்கு வழிகள் இருக்கின்றன. இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வழியும் வேறு பதில் சொல்கிறது.

கைக்காசும் இரவல் அறையும்

இந்தத் துறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சேவையகச் செலவு உள்ளூர்க் குழுவின் தலையில் விழாது. அதை விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையும் பார்த்துக்கொள்கின்றன. வரைபடக் கூடல் நடத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. நூலகமோ கல்லூரியோ அறையும் இணையமும் கொடுத்தால், மாதம் ஒரு சந்திப்பை ஆண்டு முழுக்கப் பணமே கைமாறாமல் நடத்திவிடலாம்.

இந்த வழியில் நிகழ்வுகள் தடுமாறுவது முன்தயாரிப்பு இல்லாததால்தான். ஓர் எடுத்துக்காட்டு: விக்கிமீடியா தளங்களில் ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண் முகவரி) 24 மணி நேரத்தில் 6 புதிய கணக்குகள்தான் தொடங்க முடியும். நூலகத்தின் ஒரே வைஃபையில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏழாவது ஆளுக்குப் பிழைச்செய்தி வரும். பயிற்சியின் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே கரையும், புதியவர்களின் ஆர்வமும் கூடவே கரையும். கைப்பேசி டேட்டாவுக்கு மாறலாமே என்றால், பலர் பகிரும் கைப்பேசி ஐபி முகவரித் தொகுதிகள் நாசவேலை காரணமாக ஏற்கெனவே தடுக்கப்பட்டிருப்பது உண்டு. சரியான வழி, ஒரு வாரத்துக்கும் முன்பே அந்த அறைக்குப் போய், அதே வைஃபையில் இணைந்து, வெளியே தெரியும் ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, நாளும் நேரமும் சேர்த்து வரம்புத் தளர்வுக்கு விண்ணப்பிப்பது. அதற்கு நேரமில்லை என்றால் கணக்கு உருவாக்கும் உரிமை உள்ள பயனர் ஒருவரை அறையில் உட்கார வையுங்கள். வீட்டிலேயே கணக்கு தொடங்கி வரச் சொல்லும் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருவார்கள்.

கைக்காசு வழியின் உண்மையான பலவீனம் வேறு. செலவு எப்போதும் ஓரிருவர் மேலேயே விழுகிறது. குழுவின் டொமைன் பெயர் ஒருவருடைய சொந்த அட்டையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். சமூக ஊடகக் கணக்குக்கான ஓடிபி இன்னொருவர் கைப்பேசிக்குப் போகும். அவர்கள் வேலை மாறினாலோ மனக்கசப்பில் விலகினாலோ குழுவின் முகவரியே போய்விடும். திருப்பித் தர வாய்ப்பில்லை என்றாலும், யார் எதற்கு எவ்வளவு போட்டார் என்று ஒரு பகிர்தாளில் எழுதிவைப்பது அவசியம். ஆண்டு முடிவில் அந்தத் தாளைப் பார்த்தால்தான் குழு எவ்வளவு பணத்தில் ஓடுகிறது என்பதே தெரியவரும். அடுத்த வழிக்கு மாறலாமா என்பதை அந்த எண் சொல்லும்.

தனியாள் பெயரில் சிறு நல்கை

விக்கிமீடியா அறக்கட்டளையின் துரித நிதி 500 முதல் 5,000 டாலர் வரை தருகிறது. பதிவு செய்யாத குழுவும் தனியாளும் விண்ணப்பிக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை 2020-ல் அறிவித்த குறுநல்கைகளின் உச்சவரம்பு 5,000 யூரோ. ஒரு பயிலரங்குத் தொடருக்கோ ஒளிப்படப் போட்டிக்கோ இந்த அளவு தாராளமாகப் போதும்.

ஒருநாள் பயிலரங்குக்கு 25 பேர் என்று வைத்துக்கொண்டு வரவுசெலவுத் திட்டம் போட்டால் அது இப்படி அமையும்: 3 பயிற்றுநர் சேர்த்து 28 பேருக்கு உணவு, இரு வேளை தேநீர், நான்கு துளை கொண்ட மின் நீட்டிப்புப் பலகை 7, இணையம் அறுந்தால் கைகொடுக்க 2 ஹாட்ஸ்பாட், அச்சிட்ட கையேடு 30, வெளியூரிலிருந்து வரும் 8 பேருக்குப் பயணப்படி, எதிர்பாராச் செலவுக்கு 10 விழுக்காடு. இதில் அடிக்கடி பிசகுவது உணவு. இலவச நிகழ்வுக்குப் பெயர் கொடுப்பவர்களில் கணிசமானோர் வருவதே இல்லை. பதிவு எண்ணிக்கையை வைத்து உணவு சொல்லாதீர்கள். முந்தைய நாள் மாலை செய்தி அனுப்பி, "வருகிறேன்" என்று பதில் போட்டவர்களை எண்ணிச் சொல்லுங்கள்.

இனி பணம் வரும் பாதை. வெளிநாட்டுத் தொகை வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் வழியாக வரும்போது இடையில் உள்ள வங்கியும் பெறும் வங்கியும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொள்ளும். விண்ணப்பித்த நாளின் நாணய மாற்று விகிதமும் பணம் வந்த நாளின் விகிதமும் வேறாக இருக்கும். இவ்விரண்டையும் திட்டத்தில் தனி வரியாகக் காட்டாதவர்கள் கடைசியில் பயணப்படியில்தான் கைவைக்கிறார்கள். இதைவிடக் கனமான சிக்கல் வரி. பணம் ஒருவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் வரித்துறை அதை அவருடைய வருமானமாகப் பார்க்கக்கூடும். சில நாடுகளில் வெளிநாட்டு நல்கை வாங்கவே தனி அனுமதி வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். நல்கைக்கென்றே தனிக் கணக்கு தொடங்கிக்கொள்வதும் நல்லது. வீட்டுச் செலவும் குழுச் செலவும் ஒரே அறிக்கையில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பற்றுச்சீட்டுகளை அன்றன்றைக்கே படமெடுத்து, தேதியும் தொகையும் கோப்பின் பெயரிலேயே வைத்துச் சேமியுங்கள். வெப்ப அச்சுக் காகிதத்தில் தந்த சீட்டு சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஆட்டோ, சாலையோரக் கடை போன்ற சீட்டு தராத இடங்களுக்கு, பெற்றவர் கையெழுத்திட்ட எளிய ரசீதுப் படிவம் ஒன்றை முன்கூட்டியே நல்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டிகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொகுப்புகளின் (கட்டுரையில் செய்யும் திருத்தங்களின்) எண்ணிக்கைக்கோ கட்டுரைகளின் எண்ணிக்கைக்கோ பரிசு வைத்தால், வந்து குவிவது எண்ணிக்கைதான். திருத்தாத இயந்திர மொழிபெயர்ப்பும் படியெடுத்த பத்திகளும் மூன்று வாரத்தில் நிறையும். அவற்றைத் துப்புரவு செய்ய விக்கிப்பீடியா நிர்வாகிகளுக்குப் பல மாதம் பிடிக்கும். மேற்கோள், நீளம், மொழிநடை மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வைத்து, கட்டுரைதோறும் ஒரு நடுவர் பார்த்த பின்பே புள்ளி கொடுங்கள். போட்டியைத் தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடி போன்ற பொது உரையாடல் பக்கத்தில் அறிவித்து இணக்கம் பெற்ற பிறகே நல்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணம் முதலில் வந்து, சமூகத்திடம் சொல்வது பிறகு என்றானால் சண்டை நிச்சயம். கட்டுரை எழுதுவதற்கே கூலி தருவதும் வேண்டாம். பணம் பெற்றுத் தொகுப்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது விக்கிமீடியா பயன்பாட்டு விதிகளில் 2014 முதல் இருக்கிறது.

பயனை அளக்க, வந்தவர் எத்தனை பேர் என்பது போதாது. 90 நாள் கழித்து இன்னும் தொகுத்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். புரோகிராம்ஸ் அண்ட் ஈவென்ட்ஸ் டாஷ்போர்டு என்ற விக்கிமீடியா கருவியில் பங்கேற்பாளர் பெயர்களை நிகழ்வன்றே சேர்த்துவிட்டால் அவர்களின் தொகுப்புகளைத் தானே திரட்டிக் காட்டும்.

வேறோர் அமைப்பின் குடையில்

பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்கள் குழுவுக்காகப் பணத்தை வாங்கி, வைத்து, கணக்குக் காட்டும். அதற்கு வரவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டற்ற மென்பொருள் உலகில் இது நெடுநாள் வழக்கம். அங்கே குடை பிடிக்கும் அமைப்புகளில் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட் 5 விழுக்காடும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 விழுக்காடும் எடுக்கின்றன. அறிவுத் திட்டக் குழுக்களுக்கு நூலகச் சங்கம், பல்கலைக்கழகத் துறை, தோழமைத் தன்னார்வ அமைப்பு போன்றவை இந்த வேடத்தை ஏற்பதுண்டு.

"பத்துக்கு ஒன்றா?" என்று முதலில் எல்லோருக்கும் கை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்த அமைப்பு நடத்தத் தணிக்கையாளர் கட்டணம், ஆண்டுப் பதிவுக் கட்டணம், வங்கிச் செலவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 டாலர் ஆகுமென்றால், 10 விழுக்காட்டுக் கட்டணத்தில் 10,000 டாலர் வரவு வரை குடையே மலிவு. 5 விழுக்காடு என்றால் அந்த எல்லை 20,000 டாலர். இதில் தன்னார்வலர்களின் நேரத்தை இன்னும் சேர்க்கவில்லை.

இந்த வழியின் ஆபத்து, குடையே போய்விடுவது. அமெரிக்காவின் ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 தொடக்கத்தில் தன்னைக் கலைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான குழுக்கள் சில மாதங்களுக்குள் பணத்தைச் செலவழிக்கவோ புதிய இடம் தேடவோ வேண்டியிருந்தது. ஓப்பன் கலெக்டிவ் என்ற அதே பெயரைத் தாங்கிய இணையத் தளமும், ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற தனி அமைப்பும் தொடர்ந்து இயங்கின. தாங்கள் பணம் வைத்திருந்தது தளத்திலா, அமைப்பிலா என்ற வேறுபாடு பலருக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு எந்தச் சட்ட அமைப்பு என்பதை முதல் வரியிலேயே பாருங்கள். விலகும்போது மீதிப்பணம் எத்தனை நாளில், எந்த வகை அமைப்புக்கு மாறும். வலைத்தளமும் கருவிகளும் யாருக்குச் சொந்தம். செலவுக்கு ஒப்புதல் எத்தனை நாளில் கிடைக்கும். இவை மூன்றும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம்.

பல்கலைக்கழகமோ பெரிய நிறுவனமோ குடை பிடித்தால் பண ஆபத்து குறைவு, மெத்தனம் அதிகம். ஒரு பயணப்படி கைக்கு வர ஐந்து மேசை தாண்ட வேண்டியிருக்கும். மாணவத் தன்னார்வலர்கள் அவ்வளவு நாள் கைக்காசைப் போட்டுக் காத்திருக்க மாட்டார்கள். முன்பணம் கொடுக்க வழியிருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சொந்தப் பதிவு

விக்கிமீடியாவின் முதல் கிளை (ஒரு நாட்டுக்கென அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு) 2004-ல் ஜெர்மனியில் தொடங்கியது. அன்று குழுக்களுக்குக் கிளை என்ற ஒரே வடிவம்தான் தெரியும். 2012-ல் பயனர் குழு என்ற எளிய வடிவம் வந்ததற்குக் காரணமே, சட்டப்படி பதிவு செய்யாத சிறு குழுக்களையும் ஏற்றுக்கொள்வதுதான். பயனர் குழுவுக்கும் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த உரிமை உண்டு, நல்கைக்கு விண்ணப்பிக்கலாம், ஆண்டறிக்கை மட்டும் தர வேண்டும். ஆகவே அங்கீகாரம் வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்யாதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு வேறு: அங்கே உள்ளூர்க் கிளை ஆவதற்குச் சட்டப்படியான அமைப்பாக இருப்பது அவசியம்.

பதிவு என்பது ஆண்டுதோறும் வரும் கடமை. பொதுக்குழு, கூட்டக் குறிப்பு, தேர்தல், வரவு செலவு, தணிக்கை, வரிப் படிவம், நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது, இத்தனைக்கும் மேல் நல்கையாளருக்கான அறிக்கை. நன்றாகக் கட்டுரை எழுதுபவர்கள் இதற்குள் நுழைந்தால் முதலில் நிற்பது அவர்களின் எழுத்து. விக்கிமீடியா ஹாங்காங் 2017-லும் விக்கிமீடியா இந்தியா 2019-லும் கிளை அங்கீகாரத்தை இழந்தன. அறிக்கை உள்ளிட்ட ஒப்பந்தக் கடமைகள் நிறைவேறாததே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த இடங்களில் தொகுப்பவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. தொகுப்புப் பணி ஒரு பலம், நிர்வாகப் பணி வேறொரு பலம். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானே வந்துவிடும் என்று நம்பக் கூடாது.

நலமுரணுக்கும், அதாவது சொந்த ஆதாயமும் பொறுப்பும் மோதிக்கொள்வதற்கும், இங்கேதான் இடம் அதிகம். 2012-ல் ஜிப்ரால்டர் குறித்த விக்கிப்பீடியா திட்டமொன்றில், விக்கிமீடியாவின் பிரித்தானியக் கிளையின் அறங்காவலர் ஒருவர் ஆலோசகராகவும் பணம் பெற்றது பெரும் சர்ச்சையானது. அந்த ஆண்டு நிதி திரட்டலில் பணத்தை நேரடியாகப் பெறும் வேலை கிளையிடமிருந்து அறக்கட்டளைக்குப் போனது; வெளியார் ஆய்வும் நடந்தது. இதற்கு மருந்து எளிது. நிர்வாகிகளின் தொழில், வருமானத் தொடர்புகளைப் பொதுப் பக்கத்தில் எழுதிவையுங்கள். தொடர்புடைய தீர்மானம் வரும்போது அவர் அறையைவிட்டு வெளியே போய்விட வேண்டும். வாக்களிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது பாதி மருந்துதான்.

உறுப்பினர் முறைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 15 பவுண்டு கட்டலாம். அல்லது ஓராண்டில் 42 நாள் வரைபடத்தில் பங்களித்திருந்தால் கட்டணமின்றி உறுப்பினர் ஆகலாம். பணத்துக்கு நிகராக உழைப்பை ஏற்கும் இந்த விதி சிறு அமைப்புகளுக்கு மிகவும் பொருந்தும். சந்தா கட்டியவர்கள் மட்டுமே வாக்களித்து, உண்மையில் தொகுப்பவர்கள் வெளியே நிற்கும் நிலை வராது.

எது, எப்போது?

ஆண்டுச் செலவு சில நூறு டாலருக்குள் இருந்தால் கைக்காசும் பகிர்தாளும் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிகழ்வு என்றால் சிறு நல்கை. ஆனால் விண்ணப்பதாரர் ஆண்டுதோறும் மாற வேண்டும், ஒரே ஆளின் வரிக் கணக்கில் எல்லாம் குவியக் கூடாது. தொடர்ச்சியாகப் பணம் வந்து, பலருக்குப் பயணப்படி தர வேண்டியிருந்தால் குடை. பெரும்பாலான குழுக்கள் அங்கேயே நின்றுவிடலாம் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் தீர்ப்பு.

பதிவுக்கு இரண்டு நிபந்தனைகள். ஊதியப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்தும் அளவுக்கு நிலையான வரவு வேண்டும். கணக்கு, அறிக்கை, தேர்தல் மூன்றையும் விருப்பத்தோடு ஏற்க, தொகுப்பதில் மூழ்கியிராத மூவர் வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள். அமர்த்தும் முதல் ஊழியர் கணக்கும் அலுவலும் பார்ப்பவராக இருக்கட்டும். தன்னார்வலர்கள் விரும்பிச் செய்யும் பயிற்சியையும் பரப்புரையையும் முதலிலேயே ஊதியப் பணியாக்கினால், "அதற்குத்தான் ஆள் இருக்கிறாரே" என்று மற்றவர்கள் மெல்லக் கை கழுவிவிடுவார்கள்.

எந்த வழியானாலும் வங்கிக் கணக்கில் இரு கையொப்பம் இருக்கட்டும், கடவுச்சொல் பெட்டகத்துக்கு இரு சாவி இருக்கட்டும். கலைப்பு விதியை எல்லோரும் நட்பாக இருக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள்: மிஞ்சும் பணம் எந்த அமைப்புக்குப் போகும், டொமைன் யார் பெயருக்கு மாறும், ஒளிப்படக் கருவியும் வருடியும் (ஸ்கேனர்) எந்த நூலகத்துக்குப் போகும் என்பதுவரை.