தாது உப்புப் பொடி: எட்டு மாதம் போட்டுப் பார்த்த கதை

கன்று ஈன்று நான்கு மாதமாகியும் எங்கள் மாடு செவலை அடுத்த சினைக்கான பருவத்துக்கு வரவில்லை. அந்தக் கவலையில்தான் இந்தப் பொடியை வாங்கினேன். பையின் முகப்பில் பெரிய எழுத்தில் '21 நாளில் சினைப்பருவம் உறுதி' என்று போட்டிருந்தது. பெயர் எதற்கு, இந்த வாக்கியத்தைப் பல கம்பெனிகளும்தான் போடுகின்றன. மாட்டின் பருவச் சுழற்சியே 21 நாள் என்பதால் அந்த எண்ணைப் பார்த்ததும் நமக்கும் நம்பத் தோன்றுகிறது.

சாம்பல் நிறப் பொடி. லேசாகத் துரு வாடை அடிக்கும். வெறுமனே தீவனத்தின் மேல் தூவினால் மூன்று மாடுகளும் மூக்கால் ஊதித் தள்ளிவிட்டன. தவிட்டில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்த பிறகுதான் வாய் வைத்தன. ஒரு மாட்டுக்குத் தினம் 50 கிராம், ஒரு கரண்டி என்று பையில் இருந்தது. ஒரு மாதம் கழித்து என்னவோ சந்தேகம் வந்து, பையோடு வந்த கரண்டியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தலைதட்டி எடுத்தால் 30 கிராம்தான். ஒரு மாதம் அரைகுறையாகப் போட்டிருக்கிறேன்! கறவை மாடு கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலிலும் ஒரு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து வெளியே போகிறது. அளவில் அசட்டையாக இருக்கிற விஷயமா இது?

சரி, இரண்டாவது மாதம் சரியான அளவில் போட்டேன். செவலையிடம் ஒரு அசைவும் இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் பொடிப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலையின் முதுகையும் வாலடியையும் தடவினார், விலா எலும்பை எண்ணினார். "உடம்பைக் கரைச்சுப் பால் கொடுக்குது. இதுல சினை எங்கேம்மா பிடிக்கும்?" என்றார்.

ஈன்ற ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய்விடுமாம். ஆனால் தீனி எடுக்கும் அளவு அந்த வேகத்தில் ஏறாது. குறைவதை மாடு தன் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது அளவுக்கு மீறினால் சினைப்பை வேலையை நிறுத்திவிடும். தாது உப்பில் மாட்டுக்கு எரிசக்தி கிடையாது. நான் செய்துவந்தது என்னவென்றால், 14 லிட்டர் கறக்கும் செவலைக்கும் பால் வற்றிய வெள்ளச்சிக்கும் ஒரே அரை வாளி கலப்புத் தீவனம். பாரபட்சம் காட்டக் கூடாது என்ற நினைப்பு!

கலப்புத் தீவனத்துக்கு மருத்துவர் சொன்ன கணக்கு இது: உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. செவலைக்கு ஏழு கிலோ வந்தது. அதை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று வேளையாகப் பிரித்து வைத்தேன். பசும்புல்லையும் கூட்டினேன். தண்ணீர்த் தொட்டி காலியாகவே விடவில்லை.

ஆறு வாரத்தில், இரவு பத்து மணிக்குச் செவலை கத்தியது. போய்ப் பார்த்தால் வாலடியில் கண்ணாடி மாதிரி கோழை தொங்குகிறது. பல மாடுகளுக்குப் பருவம் இரவில்தான் தெரியும், அதுவும் அரை நாளிலிருந்து முக்கால் நாள் வரைதான் நிற்கும். எத்தனை பருவத்தைத் தூங்கியே விட்டேனோ. மறுநாள் காலை சினை ஊசி போட்டோம், தங்கவில்லை. 21 நாள் கழித்துப் போட்டது தங்கியது. மூன்று மாதம் கழித்துக் கையை உள்ளே விட்டுச் சோதித்துச் சினையை உறுதி செய்தார்கள்.

அப்படியானால் பொடி வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். கருப்பிக்குச் சுவரை நக்குவது, துணியை மெல்லுவது என்று ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சரியான அளவில் போட ஆரம்பித்து மூன்றாவது வாரம் அது நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதையும் மாற்றவில்லை, அதனால் அந்தப் பெருமையைப் பொடிக்கே கொடுக்கிறேன். செவலை விஷயத்தில் தீவனத்துக்கு எவ்வளவு, பொடிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் சினைக்கு வேண்டியவைதான். ஆனால் பட்டினி கிடக்கிற மாட்டுக்கு அவை மட்டும் போதாது.

கம்பெனி மேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்று உண்டு. வெள்ளச்சி ஈன இரண்டு வாரம் இருக்கும்போது, பாவம் சினை மாடு என்று இரண்டு மடங்காகப் போட ஆரம்பித்தேன். மருத்துவர் திட்டி நிறுத்தினார். ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் சுண்ணாம்புச் சத்தைக் கொட்டினால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் பழக்கம் உடம்புக்கு மந்தமாகிவிடும். ஈன்றவுடன் பால் இழுக்கும்போது ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று குறைந்து, மாடு பால் சுரம் என்கிற நோயில் சுருண்டுவிடும். அந்த நாட்களுக்கென்று வேறு கலவை இருக்கிறதாம். இதைப் பற்றிப் பையில் ஒரு வரி இல்லை. 'எல்லா மாடுகளுக்கும் ஏற்றது' என்று மட்டும் இருக்கிறது. கலவையில் சமையல் உப்பு கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதும் அடியில் எறும்பு எழுத்தில்தான் இருந்தது.

வாங்குகிறவர்கள் மாட்டுப் படத்தை விட்டுவிட்டு, சுண்ணாம்பு, பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம், அயோடின் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இதில் போட்டிருந்தது, அதனால்தான் ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பையைப் பிரித்தால் திரும்ப மூட வழியில்லை, ஈரத்தில் கட்டி தட்டுகிறது. அதனால் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த பையும் வாங்கிவிட்டேன். பொடியைத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். அந்தக் கரண்டி இப்போது துணி துவைக்கிற சோப்புத்தூள் டப்பாவில் கிடக்கிறது.