உருளைக்கிழங்கில் தத்துப்பூச்சி: நடவிலேயே மருந்தா, எண்ணிப் பார்த்துத் தெளிப்பா, வலையா?

இலை நுனி மஞ்சளாகி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தீய்ந்ததுபோல் பழுப்பானபிறகுதான் பலரும் தத்துப்பூச்சியைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்தக் கருகல் கண்ணில் படுவதற்கு முன்பே கிழங்கின் எடை குறையத் தொடங்கியிருக்கும். பூச்சி காம்பிலும் நரம்பிலும் ஊசிவாயைச் செருகி உறிஞ்சும்போது, அதன் உமிழ்நீரும் காயத்துக்குச் செடி காட்டும் எதிர்வினையும் சேர்ந்து சாறு செல்லும் குழாய்களை அடைத்துவிடுகின்றன. இலையில் தயாரான சர்க்கரை கிழங்குக்கு இறங்க வழியில்லை. அதனால் எந்த முறையைப் பரிசீலித்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: கருகலுக்கு முன்பே அது வேலை செய்யுமா? இலையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் இளம்பூச்சியை எட்டுமா?

எந்தத் தத்துப்பூச்சி என்பது முதலில்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் உருளைக்கிழங்கைக் கருக்குவது எம்போவாஸ்கா ஃபேபே. சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், வெளிர்பச்சை நிறம், ஆப்பு வடிவ உடல், தலைக்குப் பின்னால் வரிசையாக ஆறு வெள்ளைப் புள்ளிகள். வடக்கின் குளிர்காலத்தை அது தாங்காது. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய தென்பகுதிகளில் தங்கி, ஒவ்வோர் ஆண்டும் வசந்தகாலக் காற்றில் வடக்கே வந்து இறங்குகிறது. தெற்காசியாவில் இதே வேலையைச் செய்வது பருத்தி, வெண்டை, கத்தரியிலும் தொல்லை தரும் அம்ராஸ்கா பிகுட்டுலா. இந்த இரண்டையும் பொறுத்தவரை சேதம் எண்ணிக்கையைப் பொறுத்தது. பத்துப் பூச்சியைச் செடி தாங்கும், நூறைத் தாங்காது.

பைட்டோபிளாஸ்மா (செடியின் சாறு செல்லும் குழாய்களில் வாழும் ஒரு வகை பாக்டீரியா) நோயைச் சுமந்து வரும் தத்துப்பூச்சிகளின் கதை வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் கொலம்பியா ஆற்றுப் படுகையில் பீட்ரூட் தத்துப்பூச்சி கொண்டுவரும் ஊதா நுனி நோய் இதற்கு நல்ல உதாரணம். நுனி இலைகள் சுருண்டு ஊதாவாகும், தண்டில் மண்ணுக்கு மேலேயே குட்டிக் கிழங்குகள் முளைக்கும். இந்தப் பூச்சிக்கு உருளைக்கிழங்கு விருப்ப உணவே அல்ல. வழியில் சிறிது உறிஞ்சிவிட்டுப் போகும். நோயை விட்டுச்செல்ல அது போதும். இங்கே "இத்தனை பூச்சி வந்தால் தெளிக்கலாம்" என்ற கணக்கு உதவாது. கீழே வரும் ஒப்பீட்டில் சில முடிவுகள் தலைகீழாக மாறுவது இதனால்தான்.

நடவு மருந்தும் எண்ணித் தெளிப்பதும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

நடவின்போது சாலில் விதைக்கிழங்கின் மேல் இமிடாகுளோப்ரிட் அல்லது தயாமீதாக்சாம் ஊற்றுவதோ, விதைக்கிழங்கில் நேர்த்தி செய்வதோ முதல் வழி. வேர் மருந்தை இழுத்து இலைக்கு அனுப்புகிறது. எந்த இலையின் எந்தப் பக்கத்தில் உறிஞ்சினாலும் பூச்சிக்கு மருந்து கிடைக்கும் என்பதால் அடிப்பக்கப் பிரச்சினையே எழுவதில்லை. பொதுவாக 6 முதல் 8 வாரம் வரை பாதுகாப்பு நிற்கும். அசுவினியும், உருளைக்கிழங்கு இலையைத் தின்னும் கொலராடோ வண்டில் மருந்துக்கு இன்னும் பழகாதவையும் அதோடு சேர்ந்து அடங்கும்.

இந்த முறையின் பலவீனம் அதே கணக்கில்தான் இருக்கிறது. செடி பெரிதாகப் பெரிதாக, ஒரே அளவு மருந்து அதிக இலைப்பரப்பில் பங்கிடப்படுகிறது. கிழங்கு பருக்கும் காலத்தில், செடிக்குப் பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், இலையில் மருந்தின் செறிவு குறைந்திருக்கும். பூச்சி வந்திறங்கும் காலம் நடவுக்கு 8 அல்லது 9 வாரம் தள்ளி என்றால், வராத பூச்சிக்கு மருந்து போட்டதாகத்தான் ஆகும். மண் உலர்ந்திருந்தால் வேர் மருந்தை இழுக்காது. மணற்பாங்கான நிலத்தில் கனமழை பெய்தால் மருந்து வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். தயாமீதாக்சாம் நீரில் எளிதாகக் கரைவது. விஸ்கான்சின் மாநிலத்தின் மணற்பகுதி நிலத்தடி நீரில் அது கண்டறியப்பட்டிருக்கிறது. சட்டமும் குறுக்கே வரலாம்: ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சாம், குளோத்தியனிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் தடை செய்தது.

இரண்டாவது வழிக்கு வயலில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும். செடி முளைத்ததிலிருந்து வாரம் ஒருமுறையும், பூச்சி கண்ணில் படத் தொடங்கியபின் இருமுறையும் பார்க்க வேண்டும். முதலில் வந்திறங்கும் வளர்ந்த பூச்சிகளுக்குப் பூச்சிவலை: வயலின் நான்கைந்து இடங்களில் 25 வீச்சு வீதம் வீசி எண்ணலாம். இளம்பூச்சிகளுக்கு வலை உதவாது, அவை இலையைவிட்டுக் கிளம்புவதில்லை. செடியின் நடுப்பகுதியிலிருந்து இலைகளைத் தேர்ந்து, மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தை எண்ண வேண்டும். நான்கு இடங்களில் 25 இலை வீதம் 100 இலை என்பது வசதியான கணக்கு. தொட்டால் நண்டுபோல் பக்கவாட்டில் நகரும் மஞ்சள்பச்சைப் பூச்சி என்றால் அதுதான். எம்போவாஸ்கா ஃபேபேவுக்குப் பரவலாகப் பயன்படும் வரம்பு, 10 இலைக்கு 1 இளம்பூச்சி அல்லது ஒரு வீச்சுக்கு 1 வளர்ந்த பூச்சி. அதைத் தொட்டதும் தெளிக்க வேண்டும். "இன்னும் இலை பச்சையாகத்தானே இருக்கிறது" என்று தள்ளிப்போடுவதில்தான் இந்த முறை தோற்கிறது.

மஞ்சள் ஒட்டுப்பொறி பூச்சி வந்துவிட்டதைச் சொல்லும். எத்தனை இருக்கிறது, தெளிக்கலாமா என்று அது சொல்லாது. பொறியை மட்டும் நம்பி மருந்து அடிப்பவர்கள் தேவையில்லாமலும் அடிக்கிறார்கள், தேவைப்படும்போது தாமதமாகவும் அடிக்கிறார்கள்.

எண்ணித் தெளித்தால் பல பருவங்களில் ஒன்றிரண்டு தெளிப்பிலேயே முடிந்துவிடும். பூச்சி வராத ஆண்டில் அதுவும் தேவைப்படாது. ஆனால் ஆள் இல்லாத, வாரம் ஒருமுறைகூட எட்டிப்பார்க்க முடியாத பெரிய வயலுக்கு இது காகிதத்தில் மட்டுமே நல்ல முறை. நோய் கடத்தும் பூச்சி உள்ள பகுதியிலும் இது இரண்டாம் இடத்துக்குத்தான் போகும், ஏனென்றால் பூச்சி எண்ணிக்கை வரம்பைத் தொடும் முன்பே நோய் ஏறிவிடும். அங்கே ஆரம்பகாலப் பாதுகாப்பும், வயல் ஓரத்துக் களைகளைப் பயிர் முளைக்கும் முன்பே அழிப்பதும்தான் பயன் தரும். பயிர் நின்றபிறகு அந்தக் களையை வெட்டினால், அதிலிருந்த பூச்சிகளை நாமே வயலுக்குள் துரத்தியதாகிவிடும்.

பூச்சி ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அளவில் வரும் இடம் என்றால் எங்கள் தேர்வு எண்ணித் தெளிப்பதே. ஆண்டுதோறும் முதல் 6 வாரத்துக்குள் தவறாமல் வரும் இடத்தில் நடவு மருந்து முந்துகிறது. இரண்டையும் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடவில் நியோனிகோட்டினாய்டு (இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சாம் சேர்ந்த மருந்து வகை) போட்ட வயலில் இலைக்கும் அதே வகையைத் தெளிக்கக் கூடாது. கொலராடோ வண்டு இந்த வகைக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பதற்கு இத்தகைய தொடர் பயன்பாடே பெரிய காரணம்.

தெளிக்க முடிவெடுத்தால் எது?

லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் மலிவானவை, விரைவானவை, குறைந்த அளவே போதும். தத்துப்பூச்சி அவற்றுக்கு எளிதில் வீழ்கிறது. விலை பின்னால் வரும்: பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி எல்லாமும் சேர்ந்து போகும். இரண்டு மூன்று வாரத்தில் அசுவினியோ சிலந்திப்பேனோ பெருகினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடும் வெயிலில் இவற்றின் திறனும் குறையும், ஆகவே மாலைத் தெளிப்பு நல்லது.

டைமெத்தோயேட் செடிக்குள் ஊடுருவி நல்ல பலன் தரும். ஆனால் தெளிப்பவருக்கும் தேனீக்கும் ஆபத்து அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. காரத்தன்மையுள்ள நீரில் கலந்து வைத்தால் தொட்டியிலேயே சிதைந்துவிடும். நீரின் கார அமிலநிலை 8க்கு மேல் என்றால், மருந்து வேலை செய்யவில்லை என்று பூச்சியைக் குறை சொல்லும் முன் நீரைச் சோதிக்க வேண்டும்.

ஃப்ளோனிகாமிட் நன்மை செய்யும் பூச்சிகளை அதிகம் பாதிக்காது. பூச்சி உடனே விழாது, உறிஞ்சுவதை நிறுத்திச் சில நாளில் சாகும். மறுநாள் காலை வயலில் உயிருள்ள பூச்சியைப் பார்த்துவிட்டு மீண்டும் தெளிப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள்.

எதைத் தெளித்தாலும் அளவு லேபிளில் உள்ளபடியே இருக்கட்டும். தோல்விகளில் பெரும்பங்கு அளவால் வருவதில்லை, மேலிருந்து மட்டும் நனைப்பதால் வருகிறது. ஹாலோ கோன் நாசில் (உள்ளே வெற்றிடமான கூம்பு வடிவில் நுண்துளிகளாகத் தெளிக்கும் முனை), போதுமான நீர், செடியின் உள்ளேயும் அடியிலும் படும் கோணம் வேண்டும். செடிகள் வரிசையை மூடிய பின் நீரின் அளவைக் கூட்டாமல் இருந்தால் கீழ் இலைகள் காய்ந்தே நிற்கும். முட்டை காம்புக்கும் நரம்புக்கும் உள்ளே இருப்பதால் எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. முட்டை பொரிக்க 7 முதல் 10 நாள், இளம்பூச்சி வளர இரண்டு வாரம். ஆகவே தெளித்த 7 முதல் 10 நாளில் மறுபடி எண்ணியே தீர வேண்டும்.

வேம்பு, சோப்பு, வெள்ளைக் களிமண்

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். அவை செய்யும் வேலை வேறு வேறு. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு (5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்புக் கரைசல் சேர்ப்பது) இளம்பூச்சியின் தோலுரிப்பைக் குலைக்கிறது. வளர்ந்த பூச்சியைக் கொல்லாது. பழைய கொட்டை, வெயில் நேரத் தெளிப்பு, கலந்து வைத்து மறுநாள் அடிப்பது, இந்த மூன்றும்தான் "வேம்பு கேட்கவில்லை" என்பதற்குப் பின்னால் வழக்கமாக இருப்பவை. பொட்டாசியம் சோப்பு 1 முதல் 2 சதவீதக் கரைசலில், ஈரம் பட்ட இளம்பூச்சியை மட்டும் கொல்லும். காய்ந்தபின் ஒன்றுமில்லை, கடின நீரில் திரிந்துபோகும். கேயோலின் களிமண் 100 லிட்டருக்கு 3 முதல் 6 கிலோ கலந்து தெளித்தால் இலையில் வெள்ளைப் படலமாகி, பூச்சி அமர்வதையும் முட்டையிடுவதையும் தடுக்கப் பார்க்கிறது. புதுத் தளிர் வந்தால், மழை பெய்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். உருளைக்கிழங்கில் அதன் பலன் நிலையாக இல்லை. இதற்கு மட்டும் பணம் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சாமந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம் வளர்ந்த பூச்சியையும் வீழ்த்தும், ஆனால் வெயிலில் ஒரே நாளில் சிதையும். வண்டுக்காக ஸ்பினோசாட் அடித்தவர்கள் தத்துப்பூச்சியும் அடங்கும் என்று நம்பக் கூடாது. சாறு உறிஞ்சும் பூச்சியிடம் அதன் பலன் மிகக் குறைவு.

வலை

சிறு பரப்புக்கு இதைவிடச் சிறந்ததைச் சொல்வது கடினம். உருளைக்கிழங்குக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் நடவு முதல் அறுவடை வரை மூடியே வைக்கலாம். கண்ணளவு 0.8 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறியதாக இருக்கட்டும். முளைக்கும்போதே போட்டு, ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும். பூச்சி வந்தபின் மூடினால், பொறிவண்டும் சிலந்தியும் எட்டாத பாதுகாப்பான வீட்டை அதற்குக் கட்டிக்கொடுத்த கதைதான். சென்ற பருவத்தில் உருளைக்கிழங்கோ கத்தரியோ இருந்த மண் என்றால் கொலராடோ வண்டு உள்ளேயே முளைத்துவரும், ஆகவே இடம் மாற்ற வேண்டும். மண் அணைக்க வலையைத் திறந்தாக வேண்டும். அதைக் காலையில், பூச்சி வரத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் கூடும், பின்பருவக் கருகல் நோய் வந்தால் தெரிவது தாமதமாகும். பெரிய பரப்பில் ஆள்கூலியும் வலைச் செலவும் இதைத் தோற்கடிக்கின்றன. நோய் கடத்தும் பூச்சி உள்ள இடத்தில் விதைக்கிழங்குப் பாத்திகளுக்கு மட்டுமாவது வலை போடுவது பயன் தரும்.

ரகம்

பொலிவியக் காட்டு இனமான சொலானம் பெர்தால்டியையின் சுரப்பி முடிகளை உருளைக்கிழங்குக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். கிங் ஹாரி அதிலிருந்து வந்த ரகம். முடியின் நுனி உடைந்து வடியும் திரவம் காற்றுப் பட்டதும் இறுகி, பூச்சியின் காலையும் வாயையும் ஒட்டிவிடுகிறது. மருந்து அடிக்காத தோட்டக்காரருக்கு இது நல்ல தேர்வு. சந்தைக்கு விளைவிப்பவர், வாங்குபவர் கேட்கும் ரகத்தை விட்டு இதற்கு மாறுவது நடக்காத காரியம். முடியில்லாத ரகங்களிலும் வேறுபாடு உண்டு: முன்கூட்டியே முதிரும் ரெட் நார்லண்ட் எளிதில் கருகும், தாமதமாக முதிரும் எல்பா தாங்கும். ஒரே வயலில் பல ரகம் இருந்தால் எண்ணிக்கையைக் கருகும் ரகத்தில் எடுப்பதே சரி.

பக்கத்து வயலும் கடைசித் தெளிப்பும்

அருகில் குதிரை மசால் வயல் இருந்தால் அதன் அறுப்பு நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறுத்ததும் அங்கிருந்த வளர்ந்த பூச்சிகள் கூட்டமாக உருளைக்கிழங்குக்கு மாறும். எந்த முறையை நம்பியிருந்தாலும் அடுத்த இரண்டு மூன்று நாளில் அந்தப் பக்க வரிசைகளை எண்ண வேண்டும். முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளும், ஈரமான காலத்தில் பரவும் பூஞ்சையும் பூச்சியைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்றில் திடீரென வந்திறங்கும் கூட்டத்துக்கு அவை ஈடுகொடுப்பதில்லை, தனியே ஒரு முறையாக அவற்றை எண்ணிக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் குறைந்த செடி அதே எண்ணிக்கையில் வேகமாகக் கருகும், ஆகவே கிழங்கு பருக்கும் காலத்தில் பாசனத்தில் இடைவெளி கூடாது. தண்டழிப்புக்கு (அறுவடைக்கு முன் தண்டையும் இலையையும் அழிப்பதற்கு) இரண்டு மூன்று வாரமே இருக்கும்போது, இலை தானாகப் பழுக்கத் தொடங்கியபின், வரம்பைத் தாண்டிய எண்ணிக்கை தெரிந்தாலும் தெளிக்கத் தேவையில்லை.