லூகரா, கோல்ட்டா? முழங்காலும் ஊஞ்சலும்

கைத்துப்பாக்கிகளில் ஜெர்மனியின் லூகர் பெரிதா, அமெரிக்காவின் கோல்ட் 1911 பெரிதா என்ற வாக்குவாதத்துக்கு வயது நூற்றைத் தாண்டிவிட்டது. லூகர் கட்சிக்காரர்கள் அழகைப் பேசுவார்கள், கோல்ட் கட்சிக்காரர்கள் போர்க்களத்துச் சேற்றைப் பேசுவார்கள். இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் துப்பாக்கியையும் அதன் தோட்டாவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு விதமாக வருகிறது.

லூகர் மூத்தது. ஹூகோ போர்ஷார்ட் 1893இல் உருவாக்கிய கைத்துப்பாக்கி நன்றாகவே சுட்டது. ஆனால் பின்பக்கம் பெரிதாகப் புடைத்து, கையில் பிடிக்கச் சங்கடமாக இருந்தது. அதைச் செதுக்கி இளைக்கவைத்தவர் கியோர்க் லூகர். ஆஸ்திரியாவில் பிறந்து, பெர்லினில் டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத நிறுவனத்தில் பணியாற்றியவர். முதலில் அதை ஏற்றது ஜெர்மனி அல்ல, சுவிட்சர்லாந்து, ஆண்டு 1900. ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் எடுத்துக்கொண்டன. ‘பி 08’ என்ற பெயரில் இருக்கும் எண் அந்த ஆண்டுதான்.

இதன் பூட்டு, அதாவது சுடும் நொடியில் குழலின் பின்வாயை அடைத்து வைக்கும் அமைப்பு, நம் முழங்காலைப் போன்றது. காலை நேராக நீட்டி வைத்திருப்பவனின் பாதத்தைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், மடங்காது. முழங்காலைச் சற்றே மேலே தூக்கிவிட்டால் உடனே மடங்கிவிடும். லூகர் சுடும்போது குழலும் பூட்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்வாங்குகின்றன. பூட்டின் இருபுறமும் உள்ள உருண்டைக் குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோதுகின்றன. மூட்டு மேல்நோக்கி மடிகிறது. காலித் தோட்டா வெளியே தெறிக்கிறது. குழல் எந்தப் பக்கமும் சாயாமல் நேர்கோட்டில் மட்டும் நகர்வதால் குறி நன்றாக விழும். சாய்ந்த கைப்பிடியும் விரலை நீட்டிச் சுட்டுவதுபோல இயல்பாக அமைகிறது. உள்ளே தோட்டா இருந்தால் மேலே ஒரு சிறு தகடு எழும்பி, ‘நிரப்பப்பட்டது’ என்று ஜெர்மனில் காட்டும். இந்த நேர்த்தியில் மயங்காதவர் குறைவு, நானும் மயங்கியவன்தான்.

கோல்ட்டின் கதை ரத்தத்தில் தொடங்குகிறது. பிலிப்பைன்ஸை அடக்கப் போன அமெரிக்கப் படையின் .38 ரிவால்வர், தெற்கே மோரோ போராளிகளைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்தது. 1904இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோ இறைச்சிக் கூடத்து மாடுகள் மீதும் பிணங்கள் மீதும் சுட்டுப் பார்த்து, .45 அங்குலத்துக்குக் குறைந்த கலிபர், அதாவது தோட்டாவின் விட்டம், கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய அளவுகோலில் அதை அறிவியல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும் கோல்ட்டை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங்கின் கைக்கு வந்த நிபந்தனை அதுதான்.

அவர் முழங்காலை நாடவில்லை, ஊஞ்சலை நாடினார். குழலின் முதுகில் உள்ள வரம்புகள், குழலை மூடியபடி மேலே முன்னும் பின்னும் ஓடும் உறையான ஸ்லைடின் உட்பள்ளங்களில் கவ்விக்கொண்டிருக்கும். சுட்டதும் இரண்டும் ஒன்றாகப் பின்னே போகும். அடியில் ஊசலாடும் சிறு இணைப்பு குழலின் பின்முனையைக் கீழே இழுக்கும். பிடி விட்டுப் போகும். ஸ்லைடு தனியே ஓடும். பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் மூடிய உறைக்குள் எல்லாம் நடந்து முடிவதால் மண்ணும் அழுக்கும் புக வழி குறைவு.

1907இல் அமெரிக்கப் படையின் சோதனையில் இரண்டும் நேருக்கு நேர் நின்றன. அதற்காகவே .45 கலிபரில் சில லூகர்கள் செய்யப்பட்டன. டி.டபிள்யூ.எம். இறுதிச் சுற்றுக்கு வராமல் விலகிக்கொள்ள, களத்தில் நின்றவை கோல்ட்டும், சவேஜ் என்ற இன்னொரு நிறுவனத்தின் துப்பாக்கியும். 1911 மார்ச்சில் இரண்டு நாட்களில் 6,000 தோட்டாக்கள். சவேஜ் 37 முறை மக்கர் செய்தது; கோல்ட் ஒருமுறைகூட இல்லை. அந்த மாதம் 29ஆம் தேதி கோல்ட்டுக்குச் சாதகமாக முடிவு வெளியானது.

எடையில் லூகருக்குச் சாதகம்: சுமார் 870 கிராம், எட்டு தோட்டா. கோல்ட் ஏறத்தாழ 1.1 கிலோ, ஏழு தோட்டா. தயாரிப்பில் நிலைமை தலைகீழ். லூகரின் பாகங்கள் ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கிக்கு ஏற்பப் பொருத்தி, எண் குத்தி வைத்தார்கள். ஒன்றின் பக்கத் தகட்டை இன்னொன்றில் மாட்டினால் விசை தகராறு செய்யலாம். தோட்டாவின் வீரியம் சற்றுக் குறைந்தாலும் முழங்கால் சரியாக மடியாது. கோல்ட்டையோ இரண்டாம் உலகப்போரில் தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த நிறுவனம் ஒன்றும் செய்து தள்ளின. நம் வீடுகளில் தையல் மெஷினாகத் தெரிந்த அதே சிங்கர்கூட 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றுக்குச் சொத்தையே எழுதி வைப்பார்கள்.

ஜெர்மனியே 1938இல் லூகருக்குப் பதில் வால்தர் பி 38ஐத் தேர்ந்தெடுத்தது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி என்றால் என் ஓட்டு கோல்ட்டுக்கே. ஆனால் லூகர் 1902 வாக்கில் தன் துப்பாக்கிக்காக வடிவமைத்த 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவை மறந்துவிடக் கூடாது. 1985இல் அமெரிக்கப் படை .45ஐக் கைவிட்டு பெரெட்டா கைத்துப்பாக்கியை எடுத்தபோது உள்ளே போனது அந்த ஜெர்மன் தோட்டாதான். பெரெட்டாவின் பூட்டு பிரவுனிங்குடையது அல்ல. 2017இல் அதன் இடத்துக்கு வந்த சிக் சாவரிலோ குழல் மறுபடியும் பிரவுனிங் வழியிலேயே சாய்கிறது, தோட்டா மட்டும் லூகருடையது.

இந்தக் கலப்பைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தின் இசாப்பூர் ஆலையில் இந்தியப் படைகளுக்காகச் செய்யப்பட்ட 1ஏ கைத்துப்பாக்கி, பிரவுனிங் தொடங்கிவைத்து மற்றவர் முடித்த ஹை பவர் என்ற துப்பாக்கியின் வழிவந்தது. குழலைக் கீழே இழுக்க, ஊஞ்சல் இருந்த இடத்தில் ஒரு சாய்வு வெட்டு. மேகசினில் லூகரின் 9 மி.மீ. தோட்டா.