ஒரே பெரிய சிப்பா, ஒட்டிய துண்டுகளா?

1971-இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகள், இருந்தன. 2022-இல் வந்த என்விடியாவின் ஏஐ சிப்பான எச்100-இல் 8,000 கோடி. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கிச் சிறிதாக்கியே இவ்வளவு தூரம் வந்தோம். இப்போது அந்த வழியில் ஒவ்வொரு அடிக்கும் செலவு ஏறுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய சிலிக்கான் துண்டில் அடக்குவதா, சிப்லெட் எனப்படும் சிறு துண்டுகளாகச் செய்து இணைப்பதா என்ற போட்டி சூடுபிடித்திருக்கிறது.

ஒரே துண்டாக இருந்தால் தகவல் சிலிக்கானை விட்டு வெளியே போய்வர வேண்டாம். வேகமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். ஆனால் அச்சிடும் லித்தோகிராஃபி கருவி ஒரே தடவையில் 26க்கு 33 மில்லிமீட்டர், அதாவது 858 சதுர மில்லிமீட்டர்தான் பதிக்கும். எச்100-இன் பரப்பு 814. இனிமேல் வளர இடமில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை, தயாரிப்பில் விழும் குறைகள். துணியில் நாலு இடத்தில் கறை பட்டால், அதை ஒரே வேட்டியாக வைத்திருப்பவருக்கு முழு வேட்டியும் வீண். கைக்குட்டையாக வெட்டுபவருக்கு நாலு கைக்குட்டைதான் நட்டம். 2017-இல் ஏஎம்டி இதைத்தான் செய்தது. எப்பிக் சர்வர் சிப்பை 213 சதுர மில்லிமீட்டர் துண்டுகள் நாலாகப் பிரித்தது. மொத்தப் பரப்பு 852. ஒரே துண்டாகச் செய்திருந்தால் 777 போதும். சிலிக்கான் கூடுதலாகச் செலவானாலும் தயாரிப்புச் செலவு ஒரே துண்டுக்கு ஆவதில் 59 சதவீதம்தான் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

அதில் ஒரு குறையும் இருந்தது. பக்கத்துத் துண்டோடு இணைந்த நினைவகத்தை எட்ட நேரம் பிடித்தது. 2019-இல் வந்த இரண்டாம் தலைமுறை அதை அழகாகச் சரிசெய்தது: நடுவில் ஒரு 14 நானோமீட்டர் துண்டு நினைவகத் தொடர்புகளைக் கவனிக்க, சுற்றிலும் 7 நானோமீட்டர் கணக்கீட்டுத் துண்டுகள். (நானோமீட்டர் எண் தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் பெயர்; எண் குறையக் குறையப் புதியது, விலையும் கூடுதல்.) எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. சிப்பின் எல்லாப் பகுதியும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனம் 5 நானோமீட்டரிலிருந்து என்3இ என்ற 3 நானோமீட்டர் தொழில்நுட்பத்துக்குப் போனபோது, சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எஸ்ரேமின் செல் சுருங்கவே இல்லை, அதே 0.021 சதுர மைக்ரோமீட்டர்தான். சுருங்காத பகுதிக்கு எதற்கு விலை உயர்ந்த தொழில்நுட்பம்? பின்னாளில் இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர் 1965 கட்டுரையிலேயே, பெரிய அமைப்புகளைச் சிறு பகுதிகளாகச் செய்து இணைப்பது மலிவாக அமையலாம் என்று எழுதியிருந்தார்.

செரிப்ராஸ் என்ற நிறுவனம் நேர் எதிராகப் போனது. வேஃபரில், அதாவது சிப்புகள் வெட்டப்படும் வட்டமான சிலிக்கான் தகட்டில், வெட்ட முடிந்த பெரிய சதுரத்தையே ஒரே சிப்பாக்கியது: 46,225 சதுர மில்லிமீட்டர். பழுதான இடங்களைச் சுற்றிப் போகும்படி உதிரிக் கோர்களையும் (கணக்கீட்டு அலகுகள்) வைத்தது. துணிச்சலான வேலை, ஆனால் ஏஐ போன்ற சில பணிகளுக்கே பொருந்தும்.

சர்வருக்கு எது என்று கேட்டால், தயங்காமல் சிப்லெட் என்பேன். என்விடியாவே எச்100-க்கு அடுத்து வந்த பிளாக்வெல் சிப்பில் இரண்டு பெரிய துண்டுகளை நொடிக்கு 10 டெராபைட் இணைப்பில் சேர்த்து 20,800 கோடி டிரான்சிஸ்டரை எட்டிவிட்டது. கைபேசி விஷயம் வேறு. அங்கே சிப் சிறியது, குறைகளால் வரும் நட்டமும் குறைவு; துண்டுக்குத் துண்டு தகவல் தாவும் ஒவ்வொரு தடவையும் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். அதற்கு ஒரே துண்டுதான் சரி.