மான்ட்கோமரியா, 9/11-க்குப் பிந்தையதா? வீட்டுப்படியை வைத்து ஒரு கணக்கு

2015-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தபோது என்னிடம் குடியுரிமை இல்லை, கிரீன் கார்டும் இல்லை. தமிழ் இருந்தது. ‘மாவ்னி’ திட்டத்தில் ராணுவம் கேட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்ததால் மாணவர் விசாவில் வந்தவன் சீருடைக்குள் போனேன். அடுத்த வருடமே அந்தத் திட்டத்துக்கு ஆள் எடுப்பது நின்றுபோனது வேறு கதை.

பயிற்சி முகாமின் முதல் வாரத்தில், தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று டி.டி. 2366 என்ற படிவம். ராணுவத்தில் சேவை செய்தவரின் படிப்புக்கு அரசு பணம் தரும் திட்டங்களுக்கு ஜி.ஐ. பில் என்று பெயர்; அவற்றில் ஒன்றான மான்ட்கோமரி ஜி.ஐ. பில் வேண்டாம் என்றால் அந்தப் படிவத்தில் வேண்டாம் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் 12 மாதத்துக்குச் சம்பளத்தில் மாதம் 100 டாலர் பிடிப்பார்கள். நான் எழுதவில்லை. 1,200 டாலர் போனது. 2019-ல் வெளியே வந்து முதுகலைக்கு விண்ணப்பித்தபோது தேர்ந்தெடுத்ததோ மற்றதை, 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. பில்லை. அதற்கு ஒரு காசும் கட்டத் தேவையில்லை.

இரண்டுக்கும் பொதுவானது 36 மாதப் படிப்புக்காலம். மான்ட்கோமரியில் மாதாமாதம் ஒரு தொகை உங்கள் கைக்கு வரும். 2024 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு, மூன்று வருடமோ அதற்கு மேலோ சேவை செய்த முழுநேர மாணவருக்கு அது 2,438 டாலர். கல்விக் கட்டணம், வாடகை, புத்தகம் எல்லாம் அதற்குள். மற்றதில் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதும். தனியார் என்றால் உச்சவரம்பு உண்டு. 2024-25-ல் 28,937 டாலர். இந்த முழு விகிதம் 36 மாதம் சேவை முடித்தவருக்கு. 90 நாள்தான் என்றால் பாதி. புத்தகத்துக்கு வருடம் 1,000 வரை தனி. எத்தனை வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற கெடு விஷயத்தில், 2013 ஜனவரி முதல் வெளியே வந்தவர்களுக்கு இதில் கெடுவே இல்லை. மான்ட்கோமரிக்குப் பத்து வருடம்.

இவ்வளவையும் தூக்கிச் சாப்பிடுவது வீட்டுப்படி.

இ-5 தரத்தில், குடும்பத்தோடு இருக்கும் சார்ஜென்டுக்கு அந்த ஊரில் என்ன வீட்டுப்படியோ அதுதான் உங்களுக்கும். தனி ஆளாக இருந்தாலும் அதே கணக்கு, வரியும் கிடையாது. ஆனால் ‘அந்த ஊர்’ என்பது நீங்கள் குடியிருக்கும் ஊர் இல்லை, பெரும்பாலான வகுப்புகள் நடக்கும் வளாகத்தின் ஜிப் கோடு. சான் டியாகோவில் படிப்பவருக்கும் எல் பாசோவில் படிப்பவருக்கும் ஒரே சட்டம், ஆனால் கைக்கு வருவதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எனக்கு இடம் கிடைத்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று சின்ன ஊரில், இன்னொன்று பெருநகரத்தில். பெருநகரத்தில் சேர்ந்துகொண்டு, முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் வாடகை குறைந்த புறநகரில் குடியிருந்தோம். முதல் மாதமே வாடகை போக மளிகைக்கும் மிச்சம் நின்றது.

இதில் வழுக்கும் இடங்களும் உண்டு. பாதி நேரத்துக்கு மேல் படித்தால்தான் படி. முழுநேரத்துக்கு 12 கிரெடிட் என்றால் 6 எடுத்தவருக்கு ஒன்றுமில்லை. 7 எடுத்தவருக்கு 60 சதவீதம். செமஸ்டர் இடைவெளிக்குப் பணம் வராது. டிசம்பர் பாதியில் வகுப்பு முடிந்தால் அந்த நாள் வரைக்கும்தான், ஜனவரியிலும் அரைகுறைதான். வீட்டுக்காரருக்கோ முழு வாடகை. அந்த இரண்டு மாதத்துக்கென்று ஆகஸ்டிலிருந்தே ஒதுக்கி வைக்கவில்லை என்றால் கிரெடிட் கார்டுதான் கதி. நான் ஒரு தடவை அந்தக் கதிக்குப் போனேன்.

அப்புறம் ஆன்லைன். எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் தேசிய சராசரியில் பாதிதான் படி. ஒரே ஒரு வகுப்புக்காவது நேரில் போனால் வளாகத்தின் விகிதம் கிடைக்கும். நான் படிப்பைத் தொடங்கியது 2020 ஜனவரியில். மார்ச்சில் எல்லா வகுப்பும் கணினிக்குள் போனது. பாதியாகிவிடும் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, காங்கிரஸ் அவசரமாக ஒரு சட்டம் போட்டு பழைய விகிதத்தையே தொடரவைத்தது.

மான்ட்கோமரி ஜெயிப்பதும் இதே ஆன்லைனில்தான். 2024-25 கணக்கில், ஒன்பது மாதத்துக்கு 2,438 வீதம் 21,942 டாலர். 9/11-க்குப் பிந்தையதில் பாதிப் படி சுமார் 10,000, புத்தகத்துக்கு 1,000. ஆக, முழுக்க ஆன்லைனில் படிப்பவருக்கு வருடக் கட்டணம் சுமார் 10,900 டாலருக்குக் கீழே இருந்தால் மான்ட்கோமரியில்தான் கையில் கூடுதலாக நிற்கும். வேலையும் குடும்பமுமாக வீட்டிலிருந்தே படிக்கப் போகிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

என் காலத்தில் ஒன்றை எடுத்தால் மற்றதைத் துறக்க வேண்டும், திரும்பப் பெற முடியாது. 2024 ஏப்ரலில், ருடிசில் என்ற முன்னாள் வீரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தனித்தனிச் சேவைக் காலங்களால் இரண்டுக்கும் தகுதி பெற்றவர், மொத்தம் 48 மாதம் வரை இரண்டையும் பயன்படுத்தலாம். நீண்ட காலம் இருக்கப்போகிறவர்களுக்கு அந்த 1,200 டாலர் இப்போது வீண் செலவு இல்லை. நான் நாலே வருடத்தில் ஒரே ஒப்பந்தத்தோடு வெளியே வந்தவன், அதனால் இது எனக்கு உதவவில்லை. கட்டிய பணம் திரும்புமா என்றால், வீட்டுப்படி வாங்கிக்கொண்டே 36 மாதத்தையும் தீர்த்தால் கடைசிப் படியோடு வரும். எனக்கு இன்னும் 18 மாதம் மிச்சம். பணமும் அங்கேயே நிற்கிறது.

அந்த 18 மாதத்தை மகளுக்குக் கொடுக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். முடியாது. ஆறு வருடம் சேவை முடித்து, மேலும் நாலு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டு, சேவையில் இருக்கும்போதே மாற்றி எழுதியிருக்க வேண்டும். வெளியே வந்தபின் அந்தக் கதவு அடைத்ததுதான்.

இந்தப் பகுதியில் என் சொந்த அனுபவம் பூஜ்யம். இன்னும் ராணுவத்தில் இருக்கும் நண்பர் செய்ததைப் பார்த்துச் சொல்கிறேன். மனைவி உடனே படிக்கலாம், ஆனால் கணவர் சேவையில் இருக்கும்வரை அவருக்கு வீட்டுப்படி கிடையாது. பிள்ளைக்கு அப்படி இல்லை. அப்பா சீருடையில் இருந்தாலும் வளாகத்தின் முழு விகிதம் வரும். அதனால் அவர் மனைவியின் படிப்பைச் சேமிப்பிலிருந்து பார்த்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பெரும்பகுதியை எழுதினார். மூத்தவனுக்கு 34 மாதம். மூன்று வயதுச் சின்னவளுக்கும் மனைவிக்கும் ஒவ்வொரு மாதம். ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். பெயர் ஏறியவர்களுக்குள் மாதங்களைப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம்; வெளியே வந்தபின் புதுப் பெயரைத்தான் சேர்க்க முடியாது. பெரியவன் ஸ்காலர்ஷிப் வாங்கிவிட்டால் மொத்தமும் சின்னவளுக்குப் போகும்.