'ஃபயர்வயர் டு யூஎஸ்பி' கேபிளில் காசை விடாதீர்கள்

பழைய வீடியோ கேமராக்களின் மினிடிவி (MiniDV) டிஜிட்டல் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர்களைக் குறிவைத்து ஆன்லைனில் ஒரு கேபிள் விற்கிறார்கள். ஒரு முனையில் கேமராவுக்கான 4 பின் ஃபயர்வயர் பிளக் (கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பழைய முறை; சோனி கேமராவில் ஐலிங்க் என்று எழுதியிருக்கும்), மறுமுனையில் யூஎஸ்பி. செருகினால் ஒன்றும் நடக்காது. விற்றவரிடம் கேட்டால், "டிரைவர் போட்டுப் பாருங்க, உங்க விண்டோஸ்லதான் பிரச்சினை" என்பார். அப்படி ஒரு டிரைவரே கிடையாது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். உள்ளே சிப் இல்லை, வெறும் கம்பிகள். ஃபயர்வயரின் 4 பின்களும் டேட்டாவுக்கே, இரண்டு ஜோடி. யூஎஸ்பி 2.0-இல் டேட்டாவுக்கு ஒரு ஜோடிதான்; மற்ற இரண்டில் 5 வோல்ட்டும் கிரவுண்டும். நேருக்கு நேர் இணைத்தால் அந்த 5 வோல்ட் கேமராவின் டேட்டா பின்னில் ஏறும். கேசட் ஏறாதது போதாதென்று போர்ட்டும் எரிந்துபோகலாம்.

ஃபயர்வயர் தனி பஸ், அதாவது யூஎஸ்பியோடு சேராத வேறு தரவுப் பாதை. அதற்கென்று கன்ட்ரோலர் சிப் வேண்டும், அதை இயக்கும் பகுதி கர்னலிலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் எந்தக் கேபிளும் உதவாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது பொறி. மேக்கின் தண்டர்போல்ட் 3 போர்ட்டிலிருந்து தண்டர்போல்ட் 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800 என்று அடாப்டர்களைக் கோர்த்து மேக்ஓஎஸ் 15 வரை ஓட்டலாம். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அடாப்டர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. எம்5 மேக்புக் ப்ரோ மேக்ஓஎஸ் 26-உடனே வருவதால் பழைய மேக்ஓஎஸ்ஸுக்குப் பின்னோக்கியும் போக முடியாது. ராஸ்பெரி பை 5 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் கார்டு மாட்டலாம் என்பவர்களும், அதன் வழக்கமான கர்னலில் ஃபயர்வயர் இல்லை, நீங்களே கம்பைல் செய்ய வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

வாங்குவதென்றால் டெஸ்க்டாப்புக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு: வியா விடி6315 அல்லது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் எக்ஸ்ஐஓ2213 சிப் உள்ளது. ஐலிங்க் போர்ட் உள்ள பழைய லேப்டாப் கிடைத்தால் இன்னும் மலிவு. லைனக்ஸ் மின்ட் போடுங்கள். லைனக்ஸில் ஃபயர்வயரை 2029 வரை பராமரிப்பதாக அதன் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். கேமராவை விசிஆர் மோடில் (கேசட்டை ஓட்டும் நிலை) ஆன் செய்துவிட்டு டெவ் (/dev) கோப்புறையைப் பாருங்கள். எஃப்டபிள்யூ0 (fw0) என்பது கார்டு. எஃப்டபிள்யூ1 (fw1) தோன்றினால்தான் கேமரா தெரிகிறது என்று அர்த்தம். எஃப்டபிள்யூ0-கூட இல்லையென்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், கர்னலில் ஃபயர்வயர்-ஓஎச்சிஐ (firewire-ohci) மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேசட்டை இறக்க டிவிகிராப் (dvgrab) என்ற புரோகிராம் போதும். 6 பின் பிளக்கைத் தலைகீழாகத் திணிக்காதீர்கள். அதில் 30 வோல்ட் வரை வரலாம்.

இதெல்லாம் வேண்டாமென்று கடையில் கொடுப்பவர்களுக்கு: சில கடைகள் மஞ்சள் ஏவி ஒயரை மலிவான யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் செருகிப் பதிந்துவிட்டு 'டிஜிட்டல் கன்வர்ஷன்' என்று பில் போடுகின்றன. ஏற்கெனவே டிஜிட்டலாக இருந்த படத்தை அனலாக்காக்கி, மறுபடி டிஜிட்டலாக்கிய வேலை அது. கல்யாண கேசட் என்றால் தாலி கட்டும் நேரத்து கேமரா லைட்டில் பட்டுப்புடவை ஜரிகையைச் சுற்றி நிறம் கசிவதில் பளிச்செனத் தெரியும்.

காசு கொடுக்கும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். வழக்கமான எஸ்பி வேகத்தில் பதிந்த 60 நிமிட கேசட்டின் டிவி (DV) கோப்பு சுமார் 13 ஜிபி வர வேண்டும். 2 ஜிபி எம்பி4 மட்டும் நீட்டினால் மூலக் கோப்பைக் கேளுங்கள். அதை மீடியாஇன்ஃபோ என்ற புரோகிராமில் திறந்தால், கேமராவில் அன்று தேதி சரியாக வைத்திருந்த பட்சத்தில், படம் பிடித்த நாளும் நேரமும் தெரியும். ஏவி ஒயர் வழியாக அந்தத் தகவல் வராது.