கை நரம்புக்காகப் போன பிசியோதெரபி நிலையம், திருநெல்வேலி

தகரம் வெட்டி மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்து மூன்று மாதமாகியும் சுண்டுவிரல் மரத்தே கிடந்ததால்தான் இங்கே போனேன். அங்கிருக்கிற அக்கா ஆறுதலாக விளங்கப்படுத்தினார்: அறுந்த இடத்துக்கு அப்பால் நரம்பிழை அழிந்துபோகும், 1850இல் வாலர் என்ற ஆய்வாளர் தவளை நாக்கின் நரம்பை வெட்டிக் கண்டது அதைத்தான், அப்புறம் மேலிருந்து புது இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும், அதுவரை விரல் மூட்டு இறுகக்கூடாது. விரல்நுனியிலிருந்து தையலை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளங்கை ஓரத்தில் சுரீரென்றது.

"தம்பி, நரம்பு இதுவரைக்கும் வந்திட்டுது" என்று பேனையால் புள்ளி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதம் புள்ளி விரலடிப் பக்கம் தள்ளிப் போயிருந்தது.

பின்னேரம் கதிரை போதாது, காலையில் போங்கள்.